வெந்நீர் குடித்துவிட்டு எழுந்துபோகிறவர்

திருவனந்தபுரத்தில் தம்பானூரிலிருந்து ஸ்டேச்சு வரைக்கும் வெந்நீர் அண்ணாச்சி நுழையாத ஹோட்டல் கிடையாது. அவர் உட்கார்ந்து சாப்பிட்ட ஹோட்டல்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு கை முழுவதும் தேவைப்படாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நாலு பேர் ஆரியசாலையில் ஒரு லாட்ஜின் மாடியில் குடியிருந்தோம். நான் ஜவுளி மொத்தக் கடையில் குமாஸ்தா; தினமும் டைரி எழுதுவதால் லாட்ஜில் எனக்குப் பெயரே டைரி. தக்கலை டேவிட் ஹார்டுவேர் கடை. இன்னொருவன் எங்களோடு சேர்ந்து நடப்பான், சேர்ந்து பசிப்பான், வேறு எதுவும் செய்ததாக என் டைரியில் இல்லை. நாலாவது ஆள் அண்ணாச்சி. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. அரிசி மண்டியில் சாம்பிள் பார்ப்பது அவர் வேலை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, வந்து விழும் அரிசியை உள்ளங்கையில் பரப்பி, ஊதி, இரண்டு மணியைக் கடித்து, "வேண்டாம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுத்தார்.

"முத சாம்பிள் எப்பவும் பொய்வே. நல்ல மூட்டையத்தான் முன்னால வெப்பான்" என்பார். மண்டியில் இது பெரிய உண்மை. கஷ்டம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இந்த உண்மையை எங்கள் வயிற்றுக்குக் கொண்டுவந்தார்.

ஞாயிறன்று லாட்ஜ் மெஸ்ஸுக்கு விடுமுறை. மதியம் வெளியே சாப்பிட வேண்டும். கேரள ஹோட்டல்களில் உட்கார்ந்தவுடன் பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீர் வரும். அண்ணாச்சிக்கு அதுதான் சாம்பிள். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒரு வாய் குடிப்பார். "பட்டை நேத்து போட்டது. தண்ணிய ரெண்டு தடவ கொதிக்கவெக்கிறவன் சோத்த எத்தன தடவ கொதிக்கவெப்பான்?" என்று எழுந்துவிடுவார். பின்னாலேயே நாங்கள் மூன்று பேரும். மேஜையில் நாலு டம்ளர் ஆவி விட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு முறை ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹோட்டலின் பின்வாசல் வழியாக நேரே அடுக்களைக்குள் போய்விட்டார். சமையல்காரர் அவரைச் சுகாதாரத் துறை ஆள் என்று நினைத்து அரண்டுபோய், "சாரே, ஹெல்த்தீன்னாணோ?" என்று கேட்டார்.  அதற்குள் உள்ளே தட்டுகளைத் தடதடவென்று கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். எங்களுக்கு மகிழ்ச்சி, ஒரு சுத்தமான தட்டில் சாப்பிடப்போகிறோம் என்று. அண்ணாச்சி வெளியே வந்தார்.

"என்னப் பாத்துட்டுக் கழுவுத தட்டுல எனக்குச் சாப்பாடு வேண்டாம். வாங்கவே."

ஆயுர்வேதக் கல்லூரி பக்கத்தில் ஒரு வயதான சப்ளையர் இருந்தார். நாளாவட்டத்தில் அவர் எங்களைத் தூரத்தில் கண்டதுமே வெந்நீர் டம்ளரோடு வாசலுக்கு வந்துவிடுவார். "அண்ணாச்சி இவிடெ நின்னு குடிச்சோ. இருந்நா பின்னெ எழுந்நேல்க்கண்டே?" என்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டுமே என்ற அந்த நியாயத்தை அண்ணாச்சி ஏற்றுக்கொண்டு, வாசலில் நின்றே குடித்து, நின்றே நிராகரித்துவிட்டுப் போவார்.

இவ்வளவுக்கும் நாங்கள் ஏன் அவர் பின்னாலேயே போனோம் என்று கேட்பீர்கள். காரணம் கேவலமானது. ஹோட்டலைச் சொன்னவன்தான் சாப்பாட்டுக்குப் பொறுப்பு என்பது எங்கள் லாட்ஜின் எழுதாத சட்டம். டேவிட் ஒரு முறை புளிமூடு பக்கம் ஒரு இடத்தைச் சொன்னான். சாம்பாரில் ஒரு சட்டைப் பித்தான் கிடந்தது. அடுத்த எட்டு மாதம் லாட்ஜில் அவனுக்கு டேவிட் என்ற பெயரே இல்லை. "பட்டன் குளிச்சாச்சா?" "பட்டனுக்கு லெட்டர் வந்திருக்கு." அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி முன்னால் நடந்தார். ஏசுவதற்கு ஒரு ஆள் கிடைத்த நிம்மதியில் நாங்கள் பின்னால் நடந்தோம். அவர் நாக்கின் மேல் எங்களுக்கு எந்த மரியாதையும் இருந்ததில்லை.

எனக்கு முப்பத்தொன்று முடிந்தபோது குழித்துறையில் ஒரு பெண் பார்த்தார்கள். என்னையும் அவளையும் ஐந்து நிமிடம் பேசவிட்டார்கள். நான் அதில் நாலு நிமிடம் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் அவளே கேட்டாள்: "ஞாயித்துக்கிழம மெஸ் கிடையாதுன்னு சொன்னாவளே, அப்போ எங்க சாப்பிடுவிய?" நான் அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னேன். வாய் பொத்திச் சிரித்தாள். "பாவம், பட்டினியா கெடப்பியளா?" என்றாள். என் சாப்பாட்டைப் பற்றி அதுவரை என் அம்மாவைத் தவிர எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. இவள்தான் என்று அன்று டைரியில் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

பிறகு பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை இருக்கிற இடத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் வந்து, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, மூன்று ஐம்பது வண்டிக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டலை நான் முன்கூட்டியே மனதில் குறித்துவைத்திருந்தேன். முந்தின நாள் அங்கே போய் மின்விசிறி ஓடும் மேஜை எது என்றுகூடப் பார்த்துவைத்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு வண்டி வந்தது. வாத்தியார் இறங்கினார். என் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "வாங்க, வாங்க. பிரயாணம் சௌகரியமா?" திரும்பினால், தேய்த்த சட்டையும் விபூதியுமாக அண்ணாச்சி. யாரும் அவரை அழைக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் அந்த ஹோட்டலைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்ன டைரி, ஸ்டேஷன் வாசல்லயா? வண்டிக்கு ஓடுதவன் சாப்பிடுத எடம்வே. சம்பந்திக்கு இங்கயா எல போடுவாவ? அப்புறம் ஊருக்குப் போயி என்ன சொல்லுவாரு?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். 'இங்கேயே சாப்பிடலாம்' என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். பித்தான் ஞாபகம் வந்தது. சாப்பாடு மோசமாக இருந்தால் இவர் வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பாரே என்று நினைத்தேன். பேசாமல் நடந்தேன்.

முதல் ஹோட்டலில் வெந்நீர் வெளுத்திருந்தது. இரண்டாவதில் இலை வாடியிருந்தது. மூன்றாவதன் வாசலில் பல் குத்திக்கொண்டு வந்த ஒருவரை அண்ணாச்சி மறித்தார்.

"சேட்டா, சாம்பார் எங்ஙனெ?"

"கொள்ளாம்" என்றார் அவர், பரவாயில்லை என்கிற மாதிரி.

"பத்துக்கு எத்தன போடலாம்?"

அந்த மனிதர் யோசித்து, "ஆறு" என்றார். ஆறு போதாது என்று ஸ்டேச்சு வரை நடந்தோம். அங்கே இரண்டை நிராகரித்துவிட்டுத் திரும்பவும் தெற்கே. வாத்தியார் குடையைக் கைத்தடியாக ஊன்ற ஆரம்பித்திருந்தார். இரண்டு மணிக்கு, "மக்களே, எனக்கு சர்க்கர உண்டு. நேரத்துக்குத் திங்கணும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவரோ, வந்த காரியம் தடங்கலில்லாமல் முடிய வேண்டும் என்று பழவங்காடி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

கிழக்கே கோட்டையில் அவருக்கு ஒரு ஹோட்டலின் வெந்நீர் பிடித்தது. "இதான்வே!" என்று எங்களைக் கைகாட்டி அழைத்தார். சப்ளையர் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "ஊணு கழிஞ்ஞல்லோ" என்றார். அங்கே சாப்பாடு தீர்ந்திருந்தது. பக்கத்தில் இருந்ததிலும் தீர்ந்திருந்தது. மூன்று மணி பத்து நிமிடத்துக்குத் திருவனந்தபுரத்தில் எனக்கென்று ஒரு பிடி சோறு மிச்சமில்லை.

என் வருங்கால மாமனார் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்றபடி, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி ஒன்றைத் தின்றார். சர்க்கரை உள்ளவருக்குப் பழம்பொரி.  எதிரே நான் குறித்துவைத்திருந்த ஹோட்டலில் கடைசிப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "அந்த ஆளு மேல குத்தமில்ல" என்றார். "அவரு மனசு நல்ல மனசு. நான் உம்மத்தான் பாத்துட்டு வந்தேன். மூணு மணி நேரம் நீரு ஒரு வார்த்த மிண்டல்லியே. நாளைக்கு எம் பிள்ளைக்கு ஒரு ஆவத்து வந்தா யாரு பேசுவா?"

இடம் ஒத்துவரவில்லை என்று அடுத்த வாரம் கார்டு வந்தது.

அண்ணாச்சியோடு நான் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, என்னிடம் சொல்லாமல் அவர் பஸ் ஏறிக் குழித்துறைக்குப் போனார். குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று வாத்தியாரிடம் கை கூப்பிச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு, முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"கால்லகூட விழப் பாத்தேன்வே. மசியல்ல."

 சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு அவரால் அடக்க முடியவில்லை.

"ஆனா டைரி, அந்த வீட்டு ரசம் இருக்கே... அப்பிடியொரு ரசத்த நான் குடிச்சதில்லவே. அந்தப் புள்ள வெச்சதாம். ரெண்டு மட்டம் வாங்கிக் குடிச்சேன்."

அவரைக் கொன்றிருக்க வேண்டும். டேவிட் என் கையைப் பிடித்து இழுத்ததில் குறி தவறியது. கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல் அன்று அண்ணாச்சியின் தலைக்குப் பக்கத்தில் சுவரில் பட்டது. அதன் தடம் லாட்ஜை இடிக்கும்வரை இருந்தது.

அதற்குப் பிறகு வந்த வரன்களை நானே ஒவ்வொரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன். முதல் சாம்பிள் எப்போதும் பொய் என்று கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டது. என் விஷயத்தில் முதலாவதுதான் உண்மை. இதை நான் தாமதமாகக் கண்டுபிடித்தேன். இன்று எனக்கு ஐம்பத்தாறு. குற்றத்தை அண்ணாச்சியின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பழைய டைரியைப் புரட்டினேன். அந்த ஞாயிறின் பக்கத்தில் மணி, தெரு, ஹோட்டல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அண்ணாச்சி சொன்னது இருக்கிறது, வாத்தியார் சொன்னது இருக்கிறது. நான் சொன்னது என்று ஒரு வரி இல்லை.

அந்த ஞாயிறு கழிந்து பத்து வருஷத்தில் அண்ணாச்சி, முழங்கால் ஒத்துழைக்காமல், வள்ளியூரில் தங்கை மகன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தார். டேவிட்டும் மற்றவனும் கல்யாணமாகி எப்போதோ போயிருந்தார்கள். பஸ் ஏற்றிவிட நான் மட்டும். அன்றும் ஞாயிறு. ஒரு தகரப் பெட்டியும் துணியில் சுற்றிய குத்தூசியும்தான் சாமான். தம்பானூரில் நின்று என்னைப் பார்த்தார்.

"எங்கவே சாப்பிடுவோம்?"

அவர் அப்படி இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இங்க" என்றேன், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அதே ஹோட்டலைக் காட்டி.

அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எந்த ஹோட்டல் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

வெந்நீர் வந்தது. பட்டையைக் காட்டிவிட்டு எடுத்தது போல இருந்தது நிறம். அவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. குடித்து முடித்து, இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். சோறு குழைந்திருந்தது. சாம்பார் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை எனக்கே வந்தது. என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"நல்ல எடமாத்தான் பாத்துவெச்சிருக்கீரு" என்றார் அண்ணாச்சி, தலை நிமிராமல்.

அன்றைய டைரியில் ஒரு வரிதான் இருக்கிறது: அண்ணாச்சி சாம்பார் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.