மாமனார் வீட்டில் ஒரு பச்சைக் குடை

ஏப்ரல் மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்கிக்கொண்டே ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். எனக்கென்று ஒரு பேஸ்பால் அணி வேண்டும்.

இதற்கெல்லாமா ஒரு தீர்மானம் என்று கேட்பீர்கள். நான் வீட்டோடு மாப்பிள்ளை. கல்யாணத்தன்று என் குடும்பப் பெயரைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு, மனைவியின் குடும்பப் பெயரை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவன். அதுவரை மொரிவாக்கி யசுஹிகோ. அன்றிலிருந்து குவாத்தானி யசுஹிகோ. வீடு மாமனார் வீடு. நாற்காலி மாமனார் நாற்காலி. குளித்துவிட்டு உடுத்துகிற பருத்தி அங்கிகூட மாமனாருடையதுதான். எனக்குக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் ஏறி நிற்கும். ஒன்றே ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டேன்.

மாமனார் எய்சாக்கு காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அவர் போன ஒரே மாதத்தில் மாமியார் சதாயோவும் பின்னாலேயே போய்விட்டார். தனியாக விட்டுவைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. இரண்டு பேரும் இப்போது பாய் விரித்த உள் அறையில், கறுப்பு மர மாடத்தில் படங்களாக இருக்கிறார்கள். தினமும் காலையில் அவர்களுக்குச் சோறும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைப்பது என் வேலை.

எங்கள் ஊர் நிஷினோமியா. கோஷியென் மைதானம் வீட்டிலிருந்து எட்டு நிமிட நடை. காற்று இந்தப் பக்கம் அடித்தால் கூட்டத்தின் சத்தத்தில் குழம்புப் பாத்திர மூடி ஆடும். இங்கே எல்லோரும் ஹான்ஷின் டைகர்ஸ். என் மனைவி தொமோயெ பிறக்கும்போதே உடம்பில் கோடுகளோடு பிறந்திருப்பாள் என்று சந்தேகம்.

"ஏங்க, காலண்டர் பின்னாடி என்ன எழுதிட்டிருக்கீங்க?"

"பன்னிரண்டு அணி இருக்கு. அதுல எனக்குன்னு ஒண்ணு எடுக்கப்போறேன்."

"பன்னிரண்டா? எனக்குத் தெரிஞ்சு இருக்கிறது ஒண்ணுதான். மத்த பதினொண்ணும் அதுகூட விளையாட வர்ற ஆளுங்க."

"நான் தொத்தோரிக்காரன். எங்க ஊர்ல அணியே கிடையாது, மணல்தான் உண்டு. அதனால எனக்குப் பாரபட்சம் இல்லை."

"சொந்த ஊர்ல அணி இல்லாதவரு பொண்டாட்டி ஊர் அணியை எடுத்துக்கறதுதானே முறை? பேரையே எடுத்துக்கிட்டீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் உதறலாக இருந்தது. "தாராளமா எடுங்க," என்றாள். "எடுத்துட்டு உள்ளே அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

பட்டியலில் ஒவ்வொரு பெயராக யோசித்து யோசித்து அடித்தேன். புலிகளின் பரம எதிரி ஜயன்ட்ஸ்; அந்தப் பெயரை இந்தத் தெருவில் சொன்னால் மீன்காரர் நேற்றைய மீனைக் கட்டிக்கொடுப்பார். ஹாக்ஸ் என் உதவி இல்லாமலே ஜெயித்துக்கொள்கிறார்கள். ஃபைட்டர்ஸ் இருப்பது பனி கொட்டும் ஹொக்காய்தோவில். பெயரை எழுதும்போதே மூக்கு ஒழுகியது. கார்ப் ஆட்கள் தலைமுதல் கால்வரை சிவப்பு; என் நிறத்துக்கு அது எடுக்காது. கடைசியில் தோக்கியோவின் ஸ்வாலோஸில் வந்து நின்றேன். அவர்கள் ஒரு ரன் எடுத்தால் போதும், ரசிகர்கள் ஆளுக்கொரு குட்டிக் குடையை விரித்து ஆடுவார்கள். எங்கள் தொத்தோரித் திருவிழாவிலும் குடை ஆட்டம் உண்டு. உலகத்தில் எனக்கு வெட்கப்படாமல் செய்யத் தெரிந்த ஒரே வேலை அது.

தபாலில் பச்சைக் குடை ஒன்று வரவழைத்தேன். குழந்தைக்குப் பெரிசு, பெரியவனுக்குச் சிறிசு. மாடத்தின் முன் மண்டியிட்டு, மணியைத் தட்டி, "மாமா, நான் ஸ்வாலோஸ் பக்கம்," என்றேன். அதுவரை நேராக மேலே போய்க்கொண்டிருந்த ஊதுவத்திப் புகை வளைந்து என் முகத்துப் பக்கம் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. குடையை அந்த அறையில் படுக்கைகளை மடித்து வைக்கும் பெரிய அலமாரிக்குள் வைத்துவிட்டு வேகமாக வெளியே வந்தேன்.

மே மாதம், ஒரு ஞாயிறு மதியம். தொமோயெ கடைக்குப் போயிருந்தாள். சமையலறையில் வானொலியைத் தாழ்வாக வைத்து ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது இன்னிங்ஸில் ஸ்வாலோஸ் ஒரு ரன் எடுத்தார்கள். அதே நொடியில் உள் அறையில் "பட்" என்று ஒரு சத்தம்.

போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவு திறந்திருந்தது. பாயின் நடுவில் பச்சைக் குடை விரிந்து நின்றது. நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில். சுற்றிலும் பாய் காய்ந்திருந்தது. குடைக்கு நேர் கீழே மட்டும் ஒரு கை அகலத்துக்கு ஈரம்.

தொமோயெ வந்து பார்த்தாள். கையிலிருந்த முட்டைக்கோஸைக் கீழே வைத்தாள். குரலைத் தாழ்த்தி, "அப்பா," என்றாள்.

"மாமாவா?"

"இந்த வீட்டுக்குள்ள புலியைத் தவிர வேற அணிக்கு யாராவது பகிரங்கமா கை தட்டியிருக்காங்களா? குடை வேற கொண்டாந்து வெச்சிருக்கீங்க. அப்பாவுக்குக் கோபம் வராதா?" பிறகு மாடத்தை எட்டிப் பார்த்தாள். "தண்ணி வைக்கலியா இன்னிக்கு? கிண்ணம் காலியா இருக்கு."

"காலையில வெச்சேனே."

"வெச்சா எங்க போகும்?"

வைத்த ஞாபகம் எனக்கு நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் குடையைப் பார்த்த பிறகு என் ஞாபகத்தின் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

அடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். தொமோயெ என் கண்ணெதிரே மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் காதில் மட்டும் ஆட்டத்தை மாட்டியிருந்தேன். ஸ்வாலோஸ் ரன் எடுத்தார்கள். உள்ளே "பட்".

தொமோயெ திரும்பவே இல்லை. "ரன் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டுச்சே."

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். நான் போய்ப் பார்த்தேன். அதே குடை, அதே ஈரம், அதே காலிக் கிண்ணம். மாடத்து மணி யாரோ இப்போதுதான் தட்டிவிட்டு நகர்ந்ததுபோல மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் குடையைச் சணல் கயிற்றால் இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டேன். அன்று சாயங்காலமே அது விரிந்து நின்றது. கயிறு அறுபடவில்லை. முடிச்சு அவிழ்த்து, வட்டமாகச் சுற்றி, பாயின் ஓரத்தில் அழகாக வைக்கப்பட்டிருந்தது.

தொமோயெ அந்தக் கயிற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "அப்பா கயிறை வெட்டவே மாட்டார். இப்படித்தான் சுத்தி வெப்பார்," என்றாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு உலகத்திலேயே விசித்திரமான ரசிகனாக ஆனேன். என் அணி ரன் எடுக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்ளும் ரசிகன். அவர்கள் தோற்ற நாட்களில் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, எனக்கென்றே வந்தமாதிரி, ஒரே இன்னிங்ஸில் ஏழு ரன் எடுத்தார்கள். பட். பட். பட். குடை விரிவதும் சுருங்குவதும் மறுபடி விரிவதும் தெளிவாகக் கேட்டது. ஐந்தாவது ரன்னின்போது பாய்மேல் யாரோ கால் மாற்றி மாற்றி வைக்கிற சத்தமும் சேர்ந்தது. ஆறாவதில் தண்ணீர் தெறித்தது. ஏழாவதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. வானொலியை அணைத்தேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று மின் இணைப்பையும் பிடுங்கிவிட்டேன்.

"இனிமே என்னால முடியாது, தொமோயெ."

"எனக்குத் தெரியும்."

"என்ன பண்றது?"

"அடுத்த மாசம் ஓபோன் பண்டிகை வருது. பதிமூணாந்தேதி, போய்ச்சேர்ந்த பெரியவங்க எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க. நேர்லயே மன்னிப்புக் கேட்டுடுங்க."

"வர்றதுக்கு முன்னாடியே இவ்வளவா?" என்றேன்.

ஆகஸ்ட் பதிமூன்று. மைதானத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டி நடக்கும் மாதம்; புலிகள் வெளியூர் வெளியூராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளரிக்காய்க்குக் குச்சிக்கால் வைத்துக் குதிரை செய்தோம், பெரியவர்கள் ஏறி வர. வாசலில் வரவேற்புத் தீ மூட்டினாள் தொமோயெ. புகை தெருப்பக்கம் போகாமல் வீட்டுக்குள் திரும்பி, தாழ்வாரத்தில் நடந்து, நேராக உள் அறைக்குப் போனது.

நான் மண்டியிட்டு நெற்றியைப் பாயில் பதித்தேன். "மாமா, மன்னிச்சிடுங்க. இன்னியிலேர்ந்து நான் டைகர்ஸ். சாகிறவரைக்கும் டைகர்ஸ்."

"சாகிறவரைக்கும் மட்டுமா?" என்றாள் தொமோயெ பின்னாலிருந்து.

"செத்த பிறகும்."

ரசிகர் சங்கப் படிவத்தை நீட்டினாள். என் பெயர், முகவரி எல்லாம் ஏற்கெனவே அவள் கையெழுத்தில் இருந்தது. தேதி மட்டும் ஏப்ரல் என்று போட்டிருந்தது. அவசரத்தில் தவறுதலாகப் போட்டிருப்பாள் என்று நினைத்து, திருத்தி, முத்திரை வைத்தேன்.

மறுநாள் மதியம் தோக்கியோவிலிருந்து நோபுயே அத்தை வந்தார். மாமனாரின் அக்கா. எண்பத்தெட்டு வயது, பல் எல்லாம் சொந்தப் பல். மாடத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர் என் தலையிலிருந்த கோடு போட்ட தொப்பியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உன்னையும் மாத்திட்டாங்களா?"

"என்னையுமா? மாமா டைகர்ஸ்தானே, அத்தை?"

"எய்சாக்குவா? அவன் தோக்கியோக்காரன்டா. சின்ன வயசுலேர்ந்து ஸ்வாலோஸ் பைத்தியம். அவனும் இந்த வீட்டுக்கு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவன்தானே. வெளியே புலித் தொப்பி போட்டுக்குவான். ஆட்டம் நடக்கறப்போ வானொலியைக் காதுல வெச்சுக்கிட்டு இதோ இந்த அலமாரிக்குள்ள போய் உக்காந்துக்குவான். ரன் வந்தா சந்தோஷம் தாங்காம குடையை விரிச்சிடுவான்."

"யாருக்கும் கேக்காதா?"

"சதாயோவுக்குக் கேக்காம இருக்குமா? கதவைத் திறந்து, கையில என்ன தண்ணி இருக்கோ அதை அப்படியே வீசுவா. குறி தப்பினதே இல்லை."

நான் மாடத்தைப் பார்த்தேன். மாமியார் படத்தின் முன்னால் தண்ணீர்க் கிண்ணம் இருந்தது. அறையில் யாரும் அசையவில்லை. கிண்ணத்துத் தண்ணீர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

தொமோயெவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உனக்கு இது தெரியுமா?"

"ஆறு வயசுலேர்ந்து தெரியும்."

"மாமாவுக்குக் கோபம்னு சொன்னியே."

"ஆமா, சும்மா சொன்னேன். அப்பா ஆடிட்டிருந்தார். கோபம் அம்மாவுக்கு. அம்மான்னு சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே தொத்தோரி வண்டியைப் பிடிச்சிருப்பீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம் அந்த மனுஷன். எத்தனையோ வருஷம் அலமாரிக்குள் தனியாகக் கொண்டாடியவர். செத்து ஆறு வருஷம் கழித்து வீட்டுக்குள் ஒரு கூட்டாளி வந்தான் என்று கயிற்றையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு ஆடியிருக்கிறார். அந்தக் கூட்டாளி அவரைப் பார்த்தே பயந்து, அவர் காலிலேயே விழுந்து, எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டான்.

"அப்படின்னா நான் ஸ்வாலோஸுக்கே திரும்பிப் போறேன்," என்றேன். என் குரலில் எனக்கே ஒரு கம்பீரம் தெரிந்தது.

"தாராளமா. நேத்துக் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்கணும், அவ்வளவுதான். உள்ளே போய் அம்மாகிட்ட சொல்லுங்க. பதினாறாந்தேதி வரைக்கும் இருப்பாங்க."

உள் அறை வாசல்வரை போனேன். கிண்ணம் மாடத்தின் விளிம்புக்கு வந்திருந்தது. விளிம்பில் நான் வைக்கவில்லை. மாமியார் படத்தில் இத்தனை வருஷமாக ஒரே மாதிரி இருந்த பார்வை, இப்போது என் நெற்றிக்கு நேராக இருந்தது. நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம், அத்தை," என்று மாமியார் படத்திடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"சொல்லிட்டீங்களா?"

"இல்லை. சரி, உயிரோட இருக்கிறவரைக்கும் புலி. செத்ததுக்கப்புறமாவது நானும் மாமாவும் நிம்மதியா ஆட்டம் கேக்க விடுவியா?"

தொமோயெ கொஞ்சம் யோசித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னை உள்ளே அழைத்துப்போனாள். மாமனார் படத்தைச் சற்று நகர்த்தி, பக்கத்தில் ஒரு சாண் இடம் ஒதுக்கிக் காட்டினாள்.

"உங்க படம் இங்க. அப்பாவோட சேர்ந்து கேளுங்க."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எத்தனை ஆனாலும் நல்லவள் என்று நினைத்தேன்.

"என் படம் எதிர்ல, அம்மா பக்கத்துல," என்றாள் தொமோயெ, ஒரு கண்ணை மூடி தூரத்தை அளந்தபடி. "ரெண்டு பேருமா தண்ணியை வீசினா அலமாரிவரைக்கும் எட்டும்."