தங்கப்பொண்ணு வீட்டுச் சூடான தரை

ஒரு காட்டில், மார்கழி வந்தால் மூக்கு நுனி மரத்துப்போகும் மலையுச்சிப் பக்கம், தங்கப்பொண்ணு என்றொரு முயல் தனியாக வளையில் குடியிருந்தாள். குளிருக்கு விறகு மூட்டுவாள். முகம் வேகும், முதுகு விறைக்கும், வளை முழுக்கப் புகை.

இருமிச் சலித்தவள் கரடி மேஸ்திரியை அழைத்தாள். மேஸ்திரி தரைக்கு அடியில் குழாய் பதித்து, பக்கத்து வெந்நீர் ஊற்றிலிருந்து தண்ணீர் ஓடவிட்டார். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் மூலையில் ஒரு வால்வு. கதகதப்பு பாதத்தில் ஏறிக் காது வரை சீராகப் பரவியது. புகை இல்லை, சத்தம் இல்லை. தங்கப்பொண்ணு வெறுந்தரையில் மல்லாந்து படுத்து, வாழ்ந்தால் இப்படி வாழவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சேதி பரவியது. ஒன்றுவிட்ட அக்கா குட்டிகளோடு வந்து இறங்கினாள். மூட்டுவலி என்று சித்தப்பா வந்தார்.

"தை பிறந்ததும் கிளம்பிடுறோம்மா" என்றார்கள்.

தை பிறந்தது. "பங்குனி வரைக்கும் பனி இருக்குமாமே" என்றார் சித்தப்பா, நடுத்தரையில் புரண்டுகொண்டே. படுக்க இடமில்லாமல் தங்கப்பொண்ணு வாசலில் சுருண்டு கிடந்தாள்.

ஒரு காலையில், குளிரில் விறைத்த மலைப்பாம்பு ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து அவள் முன்னால் நின்றது.

"உள்ளே தரை சூடா இருக்காமே?"

"இருக்குங்க."

"படுத்துக்கிறேன். உடம்பு இளகினதும் உன்னைத் தின்னுடுவேன். முன்னாடியே சொல்லிடறதுதான் மரியாதை."

"தின்னலாங்க. ஆனா பொழுது சாய்ஞ்சா வால்வைத் திருகிச் சூட்டைக் கூட்டணும். உங்களுக்குக் கை இல்லையே."

பாம்பு யோசித்தது. இருந்த குளிரில் அதற்கு யோசிக்கவே வெகுநேரம் பிடித்தது.

"சரி, நீ இரு" என்று சொல்லி உள்ளே போனது.

அடுத்த நொடியே அக்கா குட்டிகளோடு பின்வாசல் வழியாக ஓடிவிட்டாள். சித்தப்பா மட்டும் எழவில்லை. "பாம்பாவது கீம்பாவது. இந்தச் சூட்டை விட்டு எவன் எழுந்திரிப்பான்" என்று முனகிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

சாயங்காலம் சித்தப்பாவைக் காணவில்லை. பாம்பின் வயிற்றில் ஒரு மேடு தெரிந்தது. தங்கப்பொண்ணு வால்வைத் திருகிவிட்டு, காலியாக இருந்த பாதித் தரையில் கால் நீட்டிப் படுத்து அயர்ந்து தூங்கினாள்.

நீதி: தரையைச் சூடாக்கினால் விருந்தாளிகள் வரத்தான் செய்வார்கள், அவர்களில், ஒரு வேளை சாப்பிட்டால் மாதக்கணக்கில் பசிக்காதவராகப் பார்த்து வைத்துக்கொள்ளவும்.