கட்டிலுக்கு அடியில் இன்னொரு குடும்பம்

மாமனாரின் டாக்சி வாசலில் வந்து நின்ற பிறகுதான் மெக்கானிக்குக்குக் காபி நினைவுக்கு வந்தது.

"பால் இருக்கு, சர்க்கரை இருக்கு," என்றாள் மனைவி. "பொடிக்கு எங்க போறது?"

நியாயமான கேள்வி. ஊரிலுள்ள ஃபிரிட்ஜையெல்லாம் பழுதுபார்க்கிறவன் வீட்டில் காபியும் கிடையாது, டீயும் கிடையாது. இரண்டு வருடம் முன்பு கணவனும் மனைவியும் மார்மன் சபையில் சேர்ந்திருந்தார்கள். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற அதன் முழுப்பெயரை மூச்சு வாங்காமல் சொல்லப் பழகவே அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. மாமனார் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோக ஒரே நாள் போதுமானதாக இருந்தது.

அதற்கப்புறம் மாமனார் இந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், மகளின் போனைக்கூட எடுப்பதில்லை. இந்த வாரம் திடீரென்று மாமனாரிடமிருந்து போன் வந்தது. "சனிக்கிழமை வர்றேன். கொஞ்சம் கேக்க வேண்டியிருக்கு." அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து மனைவிக்குத் தூக்கம் போனது.

"என்ன கேட்டாலும் பொறுமையா பதில் சொல்லுங்க," என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குக் கோவிச்சுக்கிட்டு எழுந்து போனா, அப்பா திரும்ப வரவே மாட்டாரு. எனக்கு அவர் வேணும்."

அதனால் மெக்கானிக் கொல்லைப்புற வழியாக மாடி வீட்டுக்கு ஓடினான்.

"நீங்களே காபி கேக்குறீங்களா?" என்று மாடி வீட்டுக்காரர் கண்ணை விரித்தார். "என்ன, சபையை விட்டாச்சா?"

"மாமனாருக்கு சார்."

"மாமனார் வந்தா மதம் மாறிடுமா?"

ஒரு கிண்ணம் பொடியுடன் திரும்பி வந்து, கொதிக்கிற பாலில் பாதியைக் கொட்டினான். கலவை கறுத்து, குழம்பு மாதிரி வந்தது. "ருசி பாரு," என்று மனைவியிடம் நீட்டினான்.

"நான் எப்படிப் பாக்குறது? நீங்க பாருங்க."

"நான் மட்டும் எப்படி?"

இருவரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மாடி வீட்டுக்காரரையே கொல்லைப்புறமாக அழைத்துவர வேண்டியதாயிற்று. அவர் ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று முக்கால் தம்ளரைக் காலி செய்துவிட்டு, "இதைக் குடிச்சா மாமனார் நாலு நாளைக்குத் தூங்க மாட்டாரு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். பால் ஊற்றி, வெந்நீர் ஊற்றி, ஒருவழியாக அது கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

மாமனார் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சலவை வெள்ளைச் சட்டை, நேர் வகிடு, எதிரில் இருப்பவனிடம் டிக்கெட் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட பார்வை.

"காபியா?" என்றார் தம்ளரைப் பார்த்து.

"உங்களுக்குன்னே போட்டது மாமா."

"வைங்க."

வைத்தான். அது வைத்த இடத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. மனைவியின் முகம் சுருங்கியது. இந்த வீட்டில் கைநனைக்கக்கூட விரும்பவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்.

"நீங்க ஏன் இதைக் குடிக்கிறதில்ல?"

"உடம்பு கடவுள் குடுத்தது மாமா. அதைப் பத்திரமா வச்சுக்கணும்னு எங்களுக்கு ஒரு கட்டளை இருக்கு. சாராயம், புகையிலை, டீ, காபி எதுவும் தொடுறதில்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."

மெக்கானிக் உஷாரானான். மாமனாரின் பழைய தந்திரம் அவனுக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவனிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பார். இரண்டாவது பதில் மாறினால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். அவன் வார்த்தை மாறாமல் திரும்பச் சொன்னான். மாமனார் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்தார். படுக்கையறைக்குள் நுழைந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார். முப்பது வருடம் பெர்த்துக்கு அடியில் ஆள் தேடியவரை யார் தடுப்பது?

"மாப்பிள்ளை."

"மாமா."

"இதென்ன இவ்வளவு மூட்டை? அரிசி, பருப்பு, மாவு. பல் துலக்குற பிரஷே ஒரு டஜன் இருக்கு. வீட்டுல நீங்க ரெண்டே பேரு."

"வெள்ளம், வேலை போறது, உடம்பு முடியாம போறதுன்னு ஏதாவது கஷ்டம் வந்தா கைகொடுக்கும்னு சபையில முன்கூட்டியே சேர்த்து வைக்கச் சொல்லுவாங்க."

மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேருக்கா, இல்ல வேற எங்கயாவது ஒரு குடும்பத்துக்கும் சேர்த்தா?"

"ஐயோ மாமா."

"உங்காளுங்களுக்கு நிறைய பொண்டாட்டின்னு ஊரே சொல்லுதே."

"அதை நிறுத்தி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப யாராவது அப்படிப் பண்ணினா சபையிலேர்ந்தே நீக்கிடுவாங்க. எனக்கு உங்க பொண்ணு ஒருத்திதான்."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

அவன் வாய் திறந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குரல் கேட்டது. சபையைச் சேர்ந்த தையல்காரப் பெண், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் கேட்டைப் பிடித்தபடியே பேசிக்கொண்டு போனாள்.

"இந்த மாசம் நம்ம வீட்டுப் பக்கமே காணோமே. பசங்க ரெண்டும் எப்ப வருவாரு, எப்ப வருவாருன்னு என்னை அரிச்சு எடுக்குதுங்க. அரிசி வேற தீரப்போகுது."

மாமனார் மெதுவாக மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"அது வந்து மாமா," என்றான் மெக்கானிக். "மாசா மாசம் சில குடும்பங்களைப் போய்ப் பார்த்து, என்ன தேவைன்னு விசாரிக்கிற பொறுப்பு எனக்குக் குடுத்திருக்காங்க. இவங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை. எனக்குன்னு ஒதுக்குனது நாலு குடும்பம்."

"நாலா?"

"நான் தனியாப் போறதில்ல. கூட இன்னொருத்தரும் வருவாரு."

"கூட்டு வேறயா?"

மனைவி ஓடிப்போய்த் தையல்காரப் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அந்தப் பெண் விஷயம் புரிந்ததும் சிரித்த சிரிப்பில்தான் மாமனாரின் புருவம் கொஞ்சம் இறங்கியது. அவள் ஒரு படி அரிசி வாங்கிக்கொண்டு, போகும்போது, "இவரா? ஃபிரிட்ஜைத் திறந்தாக்கூட ஃபிரிட்ஜ்கிட்ட அனுமதி கேப்பாரு பெரியவரே," என்று சான்றிதழ் வழங்கிவிட்டுப் போனாள்.

பேச்சை மாற்றினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்து மெக்கானிக் சுவரைக் காட்டினான். அங்கே அவன் கையால் வரைந்த வம்ச மரம் தொங்கியது. காட்டிய பிறகுதான் அதில் முக்கால்வாசி பெண்களின் பெயர்கள் என்பது அவனுக்கே உறைத்தது.

"இவங்கெல்லாம் யாரு?" மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"முன்னோர்கள் மாமா. செத்துப் போனவங்களையும் குடும்பத்தோட சேர்த்துத்தான் நாங்க நினைக்கிறோம். பேரைத் தேடி எடுத்து, எங்க சபைக் கோயில்ல அவங்களுக்குப் பதிலா நாங்க ஞானஸ்நானம் எடுக்கலாம். ஏத்துக்குறதும் மறுக்குறதும் அந்த உலகத்துல அவங்க இஷ்டம். எங்க பக்கம் முடிஞ்சு இப்ப உங்க பக்கம் தேடிக்கிட்டிருக்கோம். அந்த ரெண்டாவது கிளையில இருக்குறது உங்க அம்மா."

மாமனார் கிட்டப் போனார். அந்தப் பெயரை ஒரு விரலால் தொட்டார். அவருடைய அம்மா இறந்தபோது அவருக்கு ஏழு வயது என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அம்மாவின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது.

"அவங்களை மறுபடி பாக்கலாம்னு நம்புறீங்களா?"

"நம்புறேன் மாமா," என்றான் மெக்கானிக். இந்த ஒன்றுக்கு அவன் தயார் செய்த பதில் எதுவும் இல்லை. "அதுக்காகத்தான் நான் இந்தச் சபையிலேயே சேர்ந்தேன். என் அப்பாவையும் நான் பாக்கணும்."

இந்த முறை மாமனார் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. மனைவி அடுப்படிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் டாக்சி ஓட்டுநர் தலை நீட்டினார். மாமனார் எங்கே போனாலும் அவர்தான் வாடிக்கை. "ஐயா, உங்க போன் அணைச்சிருக்குன்னு வீட்டம்மா எனக்குப் போட்டுட்டாங்க."

"அப்புறம் பேசுறேன்னு சொல்லு," என்றார் மாமனார், சட்டென்று பழைய மிடுக்கோடு. ஓட்டுநர் மறைந்தார். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசாரணை மறுபடி ஆரம்பமானது.

"நீங்க கிறிஸ்தவங்களே இல்லைன்னு சிலர் சொல்றாங்களே?"

"சபைப் பேருக்குள்ளயே இயேசு கிறிஸ்து இருக்காரு மாமா. அவரைத்தான் கும்பிடுறோம்."

"உங்க வேதப் புத்தகம் தங்கத் தகட்டுல எழுதியிருந்துச்சாமே, அந்தத் தகடு எங்க?"

"தேவதூதர் திரும்ப வாங்கிக்கிட்டாரு."

"ரசீது?"

"ரசீது இல்ல. பார்த்தோம்னு பதினோரு பேர் சாட்சி சொல்லிருக்காங்க. மத்தபடி நான் புத்தகத்தைப் படிச்சுப் பார்த்தேன், முழங்கால் போட்டுக் கேட்டேன், மனசுக்குள்ள பதில் வந்துச்சு. நிரூபிச்சுக் காட்டுங்கன்னா என்னால முடியாது."

"முடியாதுன்னு ஒத்துக்கிட்டீங்களே, அது நல்லாருக்கு. வருமானத்துல பத்துல ஒண்ணு சபைக்குக் குடுக்கணுமாமே. அது பென்ஷனுக்கும் உண்டா?"

"அது அவங்கவங்க மனசாட்சி மாமா."

"பிடித்தம் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இப்படி ஒரு குறை சொல்கிறவரை மெக்கானிக் அதுவரை பார்த்ததில்லை. எதிர்க்கிறவர்கள் இவ்வளவு நுணுக்கமாக எதிர்ப்பதில்லை. தெரிந்தவரை சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். மாமனார் எழுந்தபோது கோபமில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மகளின் தலையில் கை வைத்தார். மேசைமேல் காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

"காபிகூடக் குடிக்காமப் போறீங்களேப்பா," என்றாள் அவள். "எங்க மேல இன்னும் கோபமா?"

மாமனார் முழித்தார். டிக்கெட் இல்லாதவன் முழி அப்படித்தான் இருக்கும். அதற்குள் ஓட்டுநர் போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"ஐயா, அம்மா விடமாட்டேங்குறாங்க. எட்டு வாரமா காபியைத் தொடாம, ஞாயித்துக்கிழமையானா டை கட்டிக்கிட்டுக் கிளம்புறாரே, இன்னொரு குடும்பம் எங்க இருக்குன்னு கேக்குறாங்க. நம்ம ஊர்ச் சபைக்குத்தான் போறீங்கன்னு சொல்லிடவா, இல்ல அம்மாகிட்ட சொல்ல மாப்பிள்ளை குடுத்த பதிலெல்லாம் இன்னும் மனப்பாடம் ஆகலையா?"