கடைக்குட்டி இப்போதுதான் எழுந்திருக்கிறான்

வேலை செய்யாதவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். இவர் காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுவார். தேநீர் ஆறி ஆடை கட்டுவது தெரியாமல், கண் சிவக்க, முதுகு வளைய உழைப்பார். எதற்காக? வேலைக்காக அல்ல. வேலையைத் தொடங்குவதற்கான ஏற்பாட்டுக்காக. எல்லாத் தொழிலிலும் இந்த இனத்தார் உண்டு என்றாலும், கணினித் தொழிலில்தான் நன்றாகக் கொழிக்கிறார்கள். அங்கே ஏற்பாடுகளுக்கு முடிவே கிடையாது.

நாம் பார்க்கப்போகிறவரை அலுவலகத்தில் 'முன்னேற்பாட்டார்' என்று அழைத்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே, சார்.

அவரிடம் ஒப்படைத்த வேலை சின்னது. ஐந்து ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஐந்து டிக்கெட் கவுன்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி. எந்தப் பேருந்தில் எந்த இருக்கை விற்றுப்போனது என்பதை ஐந்தும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஊரோடு மட்டும் தொடர்பு அறுந்துபோனால்? அந்த ஊர்க் கவுன்டர், விஷயம் தெரியாமல், மற்ற ஊரில் ஏற்கெனவே விற்ற இருக்கையையே மறுபடி விற்றுத் தொலைக்குமா? இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் வேண்டும். பன்னிரண்டு நாள் அவகாசம். பதின்மூன்றாம் நாள் திங்கட்கிழமை. அன்று விடிந்ததும் புது மென்பொருள் நிஜக் கவுன்டர்களில் ஓடத் தொடங்கிவிடும். அன்றைய பத்து மணிப் பேருந்தில் முன்னேற்பாட்டாரின் மாமியார் தன் தங்கையைப் பார்க்கக் கிளம்புகிறார். ஜன்னலோரம், பதினாலாம் நம்பர். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

ஒரு சோதனைக்காக ஐந்து ஊருக்கும் ஓட முடியுமா? முடியாது. ஒரே மடிக்கணினிக்குள் ஐந்து கணினிகள் இருப்பதுபோல் ஜோடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தான் தனி ஊரில் தனியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் ஐந்தும் ஒரே மடியில் உட்கார்ந்திருக்கும். ஓரளவு தெரிந்தவர்கள் இதை அரை நாளில் முடிப்பார்கள். முன்னேற்பாட்டார் நன்றாகத் தெரிந்தவர். வந்தது வினை.

முதல் நாள் முழுக்க, ஐந்துக்கும் பெயர் வைத்தார். மூத்தவள், அண்ணன், நடுவிலான், சின்னவள், கடைக்குட்டி. பெயர் சரியாக அமையாவிட்டால் பின்னால் குழப்பம் வரும் என்பது அவர் கட்சி. இரண்டாம் நாள் மூத்தவள் எழுந்தாள். மூன்றாம் நாள் அண்ணனை எழுப்பினார், மூத்தவள் படுத்துவிட்டாள். நினைவகம் போதவில்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமே என்று மின்னஞ்சலை மூடி வைத்தார். "சோதனை ஆரம்பித்தாயிற்றா?" என்று மேலாளர் எழுதிய மூன்று கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தது இந்தத் தியாகத்தினால்தான். ஆறாம் நாள் ஐவரும் எழுந்து நின்றார்கள். அன்று பார்த்து, எல்லாவற்றுக்கும் புதிய பதிப்பு வந்திருப்பது கண்ணில் பட்டது. புதியது வந்திருக்கும்போது பழையதை வைத்துச் சோதிப்பதா? மனசு கேட்குமா? புதியதைப் போட்டார். ஐவரும் படுத்துவிட்டார்கள்.

காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் நின்றுகொண்டே தங்கள் வேலை எந்த மட்டில் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் அவர், சோதனைச் சூழல், அதாவது அந்த ஐவர் குடும்பம், தொண்ணூறு சதவீதம் தயார் என்றார். ஆறாம் நாளும் தொண்ணூறு. ஏழாம் நாள் எண்பது. எப்படிக் குறைந்தது என்று யாரோ கேட்டதற்கு, முன்பு தெரியாத வேலைகள் இப்போது தெரிய வந்திருக்கின்றன, இதுதான் முன்னேற்றம் என்றார். மேலாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

பின்னால் வருகிறவர்களுக்கு உதவுமே என்று வழிகாட்டிக் குறிப்பு வேறு எழுதினார். நாற்பத்துமூன்று படிகள். பதினேழாம் படி: அணைத்துவிட்டு மறுபடி போடவும். முப்பத்தோராம் படி: இங்கே பிழை என்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். முப்பத்திரண்டாம் படி: பிழை என்று வராவிட்டால், முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கவும்.

எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ஒரு பொத்தானுக்குப் போயின. கடைக்குட்டியின் தொடர்பை அறுக்கும் பொத்தான். திரையின் மூலையில், சிவப்பில், ஓரம் உருண்டு, விரல் வைத்தால் லேசாக அமுங்கி எழும். பன்னிரண்டு நாள் வேலையும் இந்தப் பொத்தானை ஒரு தடவை அழுத்துவதற்குத்தான். அவர் அதன் நிறத்தை நான்கு முறை மாற்றினார். அழுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பன்னிரண்டாம் நாள். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி சூடேறி, காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. திரையில் வரிசையாக ஐந்து பச்சை விளக்குகள். முன்னேற்பாட்டார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டிலைப் பார்ப்பதுபோல்.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வேலை. பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிற இடம். அந்தம்மாள் ஈரக் கையைத் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார்.

"அஞ்சும் எந்திரிச்சிருச்சா?"

"கடைக்குட்டி இப்பத்தான் எந்திரிச்சான்."

"சரி. அம்மா சீட்டு விஷயம் என்னாச்சு? டெஸ்ட் பண்ணிட்டீங்களா?"

அதற்குக் கடைக்குட்டியைத் துண்டிக்க வேண்டும், துண்டித்தால் சேர்ந்து நிற்கிற ஐவரும் கலைந்துபோவார்கள், மறுபடி சேர்க்க ஒரு நாளாகும், ஆகவே முதலில் இதே நிலையை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்யலாமென்று இருக்கிறேன் என்று அவர் விளக்கினார்.

"எந்தப் பட்டன்?"

"அந்தச் செவப்பு. தொட்டுடாதே."

தொட்டுவிட்டார். பொத்தான் லேசாக அமுங்கி எழுந்தது. கடைக்குட்டியின் பச்சை அணைந்தது. அந்தம்மாள் குனிந்து, மூத்தவளிடம் பதினாலாம் நம்பரைக் கேட்டார். 'உறுதி' என்றது திரை. கடைக்குட்டியிடம் அதே பதினாலைக் கேட்டார். அதுவும் 'உறுதி'.

"ரெண்டு பேருக்கு ஒரு சீட்டு," என்றார். "இதத்தானே பார்க்கணும்னீங்க?"

இப்போது நீங்களும் நானும் என்ன செய்வோம்? மேலாளரைத் தொலைபேசியில் பிடித்து, நாளைக்கு நிறுத்துங்கள் என்போம். முன்னேற்பாட்டார் திரையை வருத்தத்தோடு பார்த்தார்.

"இது செல்லாது. நீ அழுத்தினப்ப சூழல் சுத்தமா இல்ல. பின்னால ஒரு அப்டேட் ஓடிக்கிட்டிருந்தது. இதை வெச்சு யாருக்கும் பதில் சொல்ல முடியாது."

ஐவரையும் அழித்தார். குறிப்பைத் திறந்தார். முதல் படியிலிருந்து தொடங்கினார். அந்தம்மாள் சமையலறைக்குப் போய் அம்மாவுக்குப் போன் போட்டார். "நாளைக்கு அரை மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்துக்கம்மா. யார் வந்தாலும் எந்திரிக்காதே."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் அலுவலகத்தில் இருபத்தாறாம் படியில் இருந்தபோது கைபேசி அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா? இங்க ஒருத்தர் வந்து நிக்கிறாரு. அவர் டிக்கெட்டுலயும் பதினாலுன்னுதான் போட்டிருக்கு. நான் எந்திரிக்கல. கண்டக்டர் தலையில கைய வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. இன்னும் ரெண்டு வரிசையிலயும் இதே சண்டைதான் நடக்குது."

"அத்தை, அவர் எந்த ஊர்க் கவுன்டர்ல வாங்கினாருன்னு கொஞ்சம் கேளுங்களேன்."

கேட்டுச் சொன்னார். ஐந்தாவது ஊர். அங்கே விடிகாலையிலிருந்தே லைன் இல்லையாம்.

முன்னேற்பாட்டார் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஏழெட்டு நாளாகக் காணாத ஒரு நிம்மதி படர்ந்தது.

"அப்ப நம்ம சூழல் சரியாத்தான் இருந்திருக்கு அத்தை."

மேலாளர் அவர் மேசையை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். அதற்குள் இவர் குறிப்பைத் திறந்து, கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார். நாற்பத்துநான்காம் படி: இப்போது சோதிக்கலாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் புது நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயரை அழகாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, இரண்டாம் பக்கத்தை மூன்று வருஷமாகக் காலியாக விட்டு வைத்திருப்பது யார்? நடைப்பயிற்சிக்கு வாங்கிய காலணி, சரியான காலுறை கிடைக்கட்டும் என்று பெட்டிக்குள்ளேயே காத்திருக்கிறதே, அது எந்த வீட்டில்? இதைப் படிக்க உட்காரும் முன் கண்ணாடியைத் துடைத்து, விளக்கைத் திருப்பி, நாற்காலியை இரண்டு தடவை நகர்த்திப் போட்டுக்கொண்டது யார்?

பரவாயில்லை, அது உங்கள் சுபாவம். வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் மட்டும், அரை மணி நேரம் முன்னாலேயே ஏறி உட்காரச் சொல்லிவிடுங்கள்.