மஞ்சள் ஸ்வெட்டரும் வலது கையும்

அந்த மஞ்சள் ஸ்வெட்டருக்கு இன்றோடு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று கண்ணாடிக்காரர் தீர்மானித்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து மனைவியைக் கேட்காமல் அவர் எடுத்த தீர்மானம் இது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டு செய்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவர். ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஊரார் கண்ணில் இருக்கும் கோளாறெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் மூக்குக்கு நேரே நடப்பதுதான் பிடிபடாது.

ஸ்வெட்டர் அவர் மனைவி பின்னியது. புதுக் குடித்தனம் வந்த வருஷம், ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட கையோடு, முதன்முதலாகப் பின்னியது. வலது கை விரல்நுனியையும் தாண்டித் தொங்கும். இடது கை மணிக்கட்டுக்கு வரவே யோசிக்கும். கழுத்து இருக்கிறதே, அது தலையை உள்ளே விடும், வெளியே விடாது. ஒரே ஒரு நாள் கடைக்குப் போட்டுக்கொண்டு போனார். பரிசோதனைக்கு வந்தவர், பலகையில் இருந்த மிகப்பெரிய எழுத்தையே படிக்க முடியாமல் திணறியவர், "சார், உங்களுக்கு ஒரு கை நீளமோ?" என்று கேட்டுவிட்டார். கண் தெரியாமல் வந்தவருக்கே தெரிந்துவிட்டது என்றால் கண் தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கடை முழுக்கச் சிரித்தது. கழற்றப் போனால் தலை மாட்டிக்கொண்டது. நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அன்று அலமாரிக்குள் போன ஸ்வெட்டர்தான். அதற்குப் பிறகு மனைவி அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கென்று வேறொன்றும் பின்னவும் இல்லை. மறந்துவிட்டாள் என்று அவர் நிம்மதியாக இருந்தார்.

இப்போது வந்தது வினை. ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தெருப் பெண்களைக் கூட்டி ஒரு குழு தொடங்கினார். ஊருக்கு வெளியே ஒரு குழந்தைகள் காப்பகம். பெற்றவர்கள் இல்லாததும், இருந்தும் வைத்துக்கொள்ள முடியாததுமாக அங்கே ஒரு பட்டாளமே இருந்தது. சுவரெல்லாம் ஈரம், ஜன்னலில் பாதிக்கு அட்டைதான். குளிர்காலத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் கம்பளியில் ஏதாவது பின்னிக் கொடுத்துவிட வேண்டும் என்பது குழுவின் ஏற்பாடு. கண்ணாடிக்காரர் வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி நூல் உருண்டை. உட்காருவதற்கு முன் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை தடவாமல் உட்கார்ந்து ஊசியின் கூர்மையைத் தெரிந்துகொண்டார்.

"என்னங்க, காப்பகத்துல குடுக்கற அன்னிக்கு வீட்டுக்காரங்களும் வரணுமாம்" என்றாள் மனைவி, பின்னிக்கொண்டே.

"வந்துட்டா போச்சு."

"சும்மா இல்ல. பொண்டாட்டி கையால பின்னினதைப் போட்டுக்கிட்டு வரணும். டீச்சரம்மா போட்டோ எடுக்கறாங்க."

கண்ணாடிக்காரருக்கு வலது தோளில் ஏதோ தொங்குவதுபோல் இருந்தது. "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் ஸ்வெட்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினார்.

பேருந்து நிலையத்துச் சலவைக்கடை வாசலில், 'பழைய கம்பளித் துணிகளைப் போடுங்கள், ஒரு குழந்தைக்குக் கதகதப்பு கொடுங்கள்' என்று எழுதிய பெட்டி ஒன்று உண்டு. தெரிந்த முகம் ஏதும் இல்லையென்று பார்த்துக்கொண்டு உள்ளே போட்டார். தர்மம் செய்த திருப்தி வேறு. எங்கேயோ ஒரு பிள்ளை போட்டுக்கொள்ளட்டும், வளரவளர வலது கை சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி அலமாரி முன்னால் நின்றிருந்தாள்.

"என்னங்க, அந்த மஞ்சள் ஸ்வெட்டரைக் காணோமே?"

'பூச்சி அரித்துவிட்டது, தூக்கிப் போட்டேன்' என்று சொல்வதாகத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தார். வாய் வேறு சொன்னது.

"கடையில இருக்கு."

"கடையிலயா? எதுக்கு?"

"பரிசோதனை ரூம்ல ஏசி ஆளைக் கொல்லுது. போட்டுக்கறேன்."

"அதையா? நீங்களா?"

"பின்ன? தினமும்தான்."

சமையலறைக்குள் போனவள் என்னவோ முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள். அவள் பாடி எத்தனை வருஷம் ஆகிறது என்று கண்ணாடிக்காரருக்கு நினைவில்லை. அந்த நிமிஷமே உள்ளே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாட்டு நின்றுவிடுமே என்று சொல்லாமல் விட்டார். ஆறிப்போன காபியை ருசியாக இருக்கிறதென்று சொல்லிக் குடித்தார்.

அந்த வாரக் கடைசியில் டீச்சரம்மா வீட்டிலிருந்து ஒரு பெரிய மூட்டையைச் சுமந்து வந்தவரும் அவர்தான். உள்ளே என்ன என்று கேட்கவில்லை, மூச்சு வாங்கியது. அதன்பிறகு வீட்டில் அவருக்குப் புதுப்புது வேலைகள் முளைத்தன. ஒரு நாள் கடையிலிருந்து வந்தால், அடுப்பில் பெரிய பானை நிறையச் சிவப்புச் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் கிளறுங்க. கை விடாம கிளறணும், இல்லேன்னா திட்டுத்திட்டா பிடிக்கும்."

கிளறினார். சிவந்த நூலைக் கொடியில் தொங்கவிட்டு, சுருக்கம் போக அடியில் கனமான பூட்டுகளைக் கட்டச் சொன்னாள். கட்டினார். காய்ந்ததும் அந்த நூல் வளையத்தை அவர் இரண்டு கையிலும் மாட்டி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். எதிரே உட்கார்ந்து உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தாள். பிடிபட்ட திருடனைப்போல் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கண்ணாடிக்காரர்.

"கடையில இன்னிக்கும் போட்டுக்கிட்டீங்களா?"

"எதை?"

"ஸ்வெட்டரைத்தான்."

"போடாம? அதில்லாம வேலையே ஓடாது."

"கழுத்துப் பிடிக்கலையே?"

"பிடிக்கறதா? அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

"கையை ஆட்டாதீங்க, நூல் சிக்கும். குளிர் தாங்குதா?"

"அடுப்பு மாதிரி இருக்கு! கடைப் பசங்க எல்லாம் 'எங்க வாங்கினீங்க'ன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"என் பொண்டாட்டி பின்னினதுன்னு சொல்வேன்."

அவள் சுற்றுவதைச் சற்று நிறுத்தினாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, காதுல சரியா விழலை" என்றாள். இன்னொரு தடவை சொன்னார். மறுநாளும் கையைத் தூக்கச் சொன்னாள், மறுநாளும் கேட்டாள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு புகழ்ச்சி சேர்த்துச் சொன்னார். சொல்லச் சொல்ல, இதில் பாதியை அந்தப் புதுக்குடித்தன வருஷத்திலேயே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று அவருக்கே தோன்றியது. ஒரு கை நீளமாக இருந்தால்தான் என்ன? மடித்துவிட்டுக்கொள்ளக் கூடாதா?

காப்பகத்துக்குப் போகும் நாள் நெருங்கியது. சலவைக்கடைக்கு ஓடினார்.

"அந்தப் பெட்டியில தெரியாம ஒண்ணு போட்டுட்டேன், திரும்பக் கிடைக்குமா?"

"வண்டி வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்களே" என்றார் சலவைக்காரர். "எந்தப் பிள்ளை போட்டுக்கிட்டிருக்கோ!"

வேறு வழியில்லாமல் துணிக்கடையில் அதே மாதிரி ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் வாங்கினார். இரண்டு கையும் ஒரே அளவில் அழகாக இருந்தது. அதுதான் சங்கடம். இப்போது எந்தக் கை நீளம் என்று யோசித்தார். போட்டுக்கொண்ட ஒரே நாளில் நிலைக்கண்ணாடியில் பார்த்தது நினைவுக்கு வந்தது: வலது பக்கம் தொங்கியது. ஆனால் கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும் என்பது அவர் தொழில் ஞானம். ஆகவே நிஜத்தில் நீளம் இடது கை. கடைக் குளியலறையில் இடது கையை நனைத்து, அடியில் பூட்டு கட்டித் தொங்கவிட்டார். கற்றுக்கொண்ட வித்தை வீண்போகவில்லை. மூன்றாம் நாள் கை முழங்காலைத் தொட்டது.

காப்பகத்துக் கூடத்தில் ஒரே இரைச்சல். தொப்பி, காலுறை, கழுத்துத்துணி, ஸ்வெட்டர் என்று பெண்கள் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, பிள்ளைகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் நேரே கடையிலிருந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. கை மாறிப்போச்சே?"

"என்ன மாறிப்போச்சு?"

"நான் பின்னினதுல வலது கைதானே நீளம்?"

"அது... துவைச்சதுல கொஞ்சம்..."

"துவைச்சா சுருங்கும், தெரியும். இடம் மாறுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் வந்து, தொங்கிய கையைப் பிடித்துப் பார்த்தது. "மாமா, உங்களுக்கு யாரு பின்னினா? எனக்கு இந்த அத்தை பின்னினாங்க" என்று மனைவியைக் காட்டிவிட்டுச் சுற்றி நின்று காட்டியது. செக்கச்செவேல் என்ற ஸ்வெட்டர். இரண்டு கையும் அப்படி ஓர் அளவு. கழுத்தில் தலை போக வர வசதியாக ஒரு திறப்பு. அதை மூட ஒரு பித்தளைப் பொத்தான்.

அந்தப் பொத்தானைக் கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அவருடைய கல்யாணக் கோட்டிலிருந்து உதிர்ந்தது. அதைப் பத்திரமாக எடுத்துவைத்து மஞ்சள் ஸ்வெட்டரின் கழுத்தில் தைத்திருந்தாள் அவள். எல்லாமே அவருக்குத் தெளிவாகிவிட்டது. மூட்டையைச் சுமந்து வந்தது, பானையைக் கிளறியது, பூட்டுக் கட்டியது, கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அடுப்பு மாதிரி இருக்கிறது என்று, அந்த நூலையே கையில் மாட்டிக்கொண்டு சொன்னது.

"கதகதப்பா இருக்காம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அது தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போயிற்று.

"அதைக் கழட்டுங்க" என்றாள் மனைவி.

"எதை?"

"இதைத்தான். இன்னும் நாலு பிள்ளைக்குத் தொப்பி குறையுது. பிரிச்சா தேறும். இடது கையிலேயே ஒண்ணு வந்துடும்."

கழற்றிக் கொடுத்தார். இந்தத் தடவை தலை மாட்டவில்லை. அதுகூட அவருக்கு வருத்தமாக இருந்தது. போட்டோவில் மெல்லிய சட்டையோடு ஓரமாக நின்றார்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தத்தில் காற்று எலும்பைத் துளைத்தது. மனைவி மடியில் அந்தப் புது மஞ்சள் ஸ்வெட்டரை வைத்து அங்கேயே பிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அந்தச் சலவைக்கடைப் பெட்டி டீச்சரம்மா வெச்சதுதாங்க. மூட்டையை அவிழ்த்ததும் முதல்ல கைக்கு வந்ததே அதுதான்."

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே. நாலு திட்டு திட்டியிருக்கலாமே."

"திட்டணும்னுதான் இருந்தேன்." நூலை இழுத்தாள். "முதல் நாள், 'தினமும் போட்டுக்கறேன்'னு சொன்னீங்களே, அதை நம்பிட்டேங்க. அப்புறம் பொய்னு தெரிஞ்சும் கேக்கணும்னு இருந்துச்சு. இத்தனை வருஷத்துல அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொன்னதில்லையே. திட்டியிருந்தா அதுவும் கிடைச்சிருக்காது."

அவள் மடியில் நூல் சுருள்சுருளாக ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் தாமாகவே இரண்டு கையையும் தூக்கி நீட்டினார். அவள் நூலை அதில் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏம்மா, எனக்கு ஒண்ணு பின்னித் தாயேன். கை எப்படி இருந்தாலும் போட்டுக்கறேன். சத்தியமா."

அவள் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க இன்னொண்ணு? அதான் கடையில இருக்கே, அடுப்பு மாதிரி."