புந்தோங் கிருமியைக் கண்டுபிடித்த வரலாறு

பேராக் மாநிலத்து அறிவியலில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ஈடு இல்லை. இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் அந்தோணியார் என் நாக்கை எடுத்துக்கொள்ளட்டும்.

1981, ஈப்போ. இரத்தக் கிருமிகளை ஆராயும் கூடம். கண்ணாடித் தகடு கழுவும் 'உயர் பொறுப்பு' எனக்கு. ஆயுத பூசையன்று உதவியாளர் பழனியப்பன் குளிர்பெட்டி, டாக்டர் சூசைநாதனின் கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கு, கண் வைத்துப் பார்க்கும் வில்லையிலேயே வைத்தார்.

"கண்ணுக்குப் பக்கத்துலதானே அண்ணே பொட்டு வைக்கணும்?"

மறுநாள் இருளாயி வந்தார். தாப்பா ரப்பர்த் தோட்டம் விற்றுப்போனதும் புந்தோங்குக்குக் குடிவந்தவர். திங்கட்கிழமை பேக்டரி வேலையில் சேர, நோயில்லை என்று எங்கள் கடிதம் வேண்டும்.

டாக்டர் குனிந்து பார்த்தார். சிவப்பாக ஒன்று தெரிந்தது. தகட்டை நகர்த்தினார்; அது நகரவில்லை. 'பிடிவாதமான இனம்' என்று எழுதிக்கொண்டார். வில்லையைத் திருகினார், அதுவும் கூடவே சுற்றியது.

"உயிர் இருக்கு," என்றார்.

"டாக்டரய்யா, கடிதாசி குடுங்க லா, நான் போறேன்."

"உலகத்துலேயே இது உங்களுக்கு மட்டும்தாம்மா இருக்கு."

"அப்ப பேக்டரியில யாருக்கும் ஒட்டாதுதானே?"

இந்த வாதம் 'அறிவியல்பூர்வமற்றது' எனப் பதிவானது.

பிறகு பழனியப்பன் எச்சில், என் எச்சில், குனோங் ராபாட் குழாய்த் தண்ணீர், டாக்டரின் கோப்பி என வரிசையாகப் பார்த்தோம். எல்லாவற்றிலும் கிருமி. பேருந்தில் ஏறிப் பரவியதாக வரைபடம் தயாரானது. பெயர் சூட்டக் குழு இரண்டு முறை கூடியது. இரண்டாம் கூட்டம் நடந்தபோது திங்கட்கிழமை கடந்துவிட்டது.

வியாழனன்று இருளாயி மறுபடி வந்தார்.

"என் கிருமிதானே, நானும் ஒரு தடவ பாக்குறேன்."

குனிந்தவர் நிமிர்ந்தார். "என்னாண்ணே, கண்ணாடியெல்லாம் குங்குமமா இருக்கு?" என்று முந்தானையால் வில்லையைத் துடைத்தார்.

டாக்டர் பார்த்தார். கிருமி இல்லை. 'பூரண குணம். சிகிச்சை: கைத்தறிச் சேலை' என்று எழுதி, மூன்று கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"வேலைய வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க லா. இத வச்சு நான் என்னா செய்யுறது?"

"கண்ணாடி போட்டு மாட்டுங்கம்மா. உலகத்துலேயே குணமான மொத ஆளு நீங்க."

இவ்வளவு நுட்பமான ஆராய்ச்சியில் ஒன்றே ஒன்று பதிவேட்டில் விடுபட்டுவிட்டது. அந்த மாதம் முழுவதும் கூடத்தில் ஊசி இல்லை. இருளாயியின் விரலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம்கூட நாங்கள் எடுக்கவில்லை.