தலைவர் ஏறக்கூடிய சஸ்பென்சன்

மனிதகுலம் இதுவரை கூட்டாக எடுத்த முடிவுகளில் மிகுந்த தொலைநோக்கோடு எடுக்கப்பட்டது எது என்று வருங்கால வரலாற்றாசிரியர்கள் தேடுவார்களானால், அவர்கள் உலக நாடுகளின் தலைநகரங்களில் அலையத் தேவையில்லை. கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் பக்கமாக, திரு. தியாகலிங்கம் அவர்களின் கராஜுக்கு வந்தால் போதும். என் கணவர் கோணேஸ்வரனின் ஸ்னோமொபைலுக்கு, அதாவது பனியில் ஓடும் வண்டிக்கு, எந்தப் பின்பக்கச் சஸ்பென்சனைப் பூட்டுவது என்ற வினாவுக்கு அங்கேதான் விடை காணப்பட்டது. அந்தக் கூட்டங்களில் தேநீர் பரிமாறும் பொறுப்பு என்னிடம் இருந்ததால் எல்லாவற்றையும் கேட்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

என் கணவர் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்கள் திருத்துபவராக இருந்தார். கூட வேலை செய்த ஒருவர் வீடு மாறியபோது தன் பழைய ஸ்னோமொபைலை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது சமதரைப் பாதையில் ஓடும் வண்டி. நீளமான பட்டியும் புதிய பின்பக்கச் சஸ்பென்சனும் போட்டால் அது மலை ஏறும் வண்டியாகிவிடும். நாங்கள் இருக்கும் ஒன்ராறியோவில் மலை இல்லை என்பதை இவரும் அறிவார். நாட்டின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே ஒருமுறை, யாரும் மிதிக்காத பனியில் ஏறி இறங்கிவிட்டு வரவேண்டும் என்பதுதான் இவருடைய ஆசை.

முந்தைய ஆண்டு இவருடைய இதயக் குழாயில் ஸ்டென்ற் வைத்திருந்தார்கள். வீட்டு வாசலில் பனி அள்ளப்போய் மாரடைப்பு வந்து விழுந்தவர்களை நிறையப் பார்த்த வைத்தியர் ஒரேயொரு விதிதான் சொன்னார்: வண்டி ஓடலாம், பனி அள்ளக்கூடாது. அன்றிலிருந்து எங்கள் வாசலில் நான் அள்ளினேன். இவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எனக்குத் திசை காட்டினார்.

சஸ்பென்சன் விடயமும் இதனால்தான் முக்கியமானது. பாரமான சஸ்பென்சன் போட்ட வண்டி ஆழமான பனியில் பின்பக்கம் கிடங்கு தோண்டிக்கொண்டு புதைந்துவிடும். புதைந்தால் பனி அள்ளும் சவளை எடுத்து அள்ளித்தான் வெளியே எடுக்கவேண்டும். மெலிந்த சஸ்பென்சனில் பட்டியைத் தாங்கும் முன் தண்டும் பின் தண்டும் தனித்தனியே அசையும். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு பனியின் மேலால் போய்விடும். ஆகவே இவர் மெலிந்ததைப் போடலாம் என்று நினைத்தார். வைத்தியர் சொன்ன விதியை மட்டும் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் நினைத்துவிட்டார். தனிமனிதர்களின் அவசரபுத்திக்கு இது நல்ல உதாரணம்.

நல்லவேளையாக எங்களுக்கு ஊர்ச்சங்கம் இருந்தது.

கடம்பன்துறை மக்கள் முன்னேற்றச் சங்கம் – கனடா. அந்த ஆண்டு அதற்கு வெள்ளிவிழா. எங்களிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்துபோன மற்றச் சங்கம் (அவர்களுக்குத் தனி மண்டபம் வேண்டும் என்பதே கொள்கை) முந்தைய கோடையில் பக்கத்து நகரான விட்பியில் ஒருவரை விமானத்திலிருந்து குதிக்கவைத்து வானத்தில் பதாகை விரித்திருந்தது. அந்தக் காணொளியை எங்கள் சங்கத்தவர்கள் மனம் நொந்து திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இந்த நேரத்தில்தான் என் கணவர் மலை ஏறப் போகிறார் என்ற செய்தி கசிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவருடைய ஆசை "உயரத்தில் எம்மவர்" என்ற தலைப்பில் சங்கத்தின் "செயற்றிட்டம்" ஆக உயர்ந்தது.

கராஜில் சங்கக் கதிரைகளை விரித்துக் கூட்டம் தொடங்கியது. மறைந்தவர்களுக்கான அகவணக்கம் முடிந்தபின் செயலாளர் இரத்தினவேல் எழுந்தார்.

"மலையுச்சி நிகழ்ச்சி நிரலை வாசிக்கிறன். மங்கல விளக்கேற்றல். கனடிய தேசிய கீதம். தமிழ்த்தாய் வாழ்த்து. கொடியேற்றல். தலைமையுரை. எல்லாம் லைவ்வாப் போகும்."

"தலைமையுரையோ?" என்றார் என் கணவர். "மேலை நான் மட்டும்தானே போறன்."

"தலைவர் இல்லாமல் தலைமையுரை எப்பிடி அண்ணை?"

தலைவர் தியாகலிங்கம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நல்ல உடம்புக்காரர். குனிந்தபோது கதிரை முனகியது.

"நான் பின்னுக்கு இருந்து வாறன் தம்பி. எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. நீ உன்ரை பாட்டுக்கு ஓட்டு."

என் கணவர் இரண்டு சஸ்பென்சன்களின் படங்களையும் மேசையில் வைத்தார். மெலிந்ததைத் தலைவர் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டு, கழற்றிப் பார்த்தார்.

"உது என்ன, காய்ஞ்ச கருவாடு மாதிரிக் கிடக்கு? உதிலை நான் ஏறினா?"

"ஏறேலாதண்ணை. இது ஒராளுக்கு. அதாலைதான் பாரமில்லை. புதையாது."

"அப்ப மற்றது?"

"அது ரெண்டு பேருக்கு. குடும்பமாப் பாதையிலை போற ஆக்கள் போடுறது. ஆழப் பனிக்குச் சரிவராது."

"குடும்பமா" என்ற சொல்லில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை வெளியார் புரிந்துகொள்வது கடினம். எங்கள் மக்கள் ஒருவர் வேலைக்குப் போவதற்கும் ஏழு ஆசனம் உள்ள வான் வாங்குகிறவர்கள். யாரையாவது ஏற்றவேண்டி வரும். ஊரிலிருந்து விசிற்றர் விசாவில் மாமி வரலாம். ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய வண்டி என்பது எங்களுக்குப் பொறியியல் அல்ல, சுயநலம்.

"ஒராளுக்கு எண்டா, ஆபத்து அந்தரத்துக்கு இன்னொராளை ஏத்தேலாதே?" என்று கேட்டார் பேபி அக்கா. அவர் கலாசாரப் பிரிவுப் பொறுப்பாளர். "அதோடை குத்துவிளக்கை எங்கை வைக்கிறது?"

"குத்துவிளக்கோ அக்கா?"

"பின்னை? மெழுகுதிரி கொளுத்திறதுக்கு அது என்ன பேத்டே பார்ட்டியே? எங்கடை பெரிய பித்தளை விளக்குத்தான் வீடியோவிலை வடிவாத் தெரியும்."

"மேலை காத்து அடிக்கும் அக்கா. நிண்டு எரியாது."

"எரியிறது எரியாதது வேறை கதை தம்பி. விளக்கு நிக்கவேணும்."

இரத்தினவேல் கொடிக்கம்பத்துக்கு இரும்பு அடித்தளம் ஒன்றை முன்மொழிந்தார். அலுமினியம் போதாதா என்று கேட்டார் என் கணவர். மற்றச் சங்கத்தின் பதாகை ஒரு பக்கம் சரிந்திருந்ததை இரத்தினவேல் நினைவூட்டினார். அதன்பின் அலுமினியத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"அண்ணை," என்றார் என் கணவர். குரல் தணிந்திருந்தது. "புதைஞ்சுதெண்டா அள்ளவேணும். என்னை டொக்டர் அள்ளவேண்டாம் எண்டவர்."

தலைவர் எழுந்து வந்து அவருடைய தோளில் கை போட்டார். "அட விசரா, அதுக்குத்தானே நான் பின்னுக்கு இருக்கிறன். புதைஞ்சா நான் இறங்கி அள்ளுறன். நீ சும்மா இரு."

இந்தத் தர்க்கத்தின் அழகைக் கவனியுங்கள். தலைவர் ஏறுவதால் பாரமான சஸ்பென்சன் வேண்டும். பாரமான சஸ்பென்சனால் வண்டி புதையும். புதைந்தால் அள்ளுவதற்குத் தலைவர் வேண்டும். ஆகவே தலைவர் ஏறவேண்டும். நான் கொஞ்சம் வாசிக்கிறவள். இத்தனை ஓட்டையில்லாத ஒரு வாதத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. கடைசியாக என் கணவரின் கையும் உயர்ந்தது. "ஏகமனதாக" என்று எழுதிக்கொண்டார் இரத்தினவேல்.

அன்று வீட்டில் எங்கள் மகள் சுலக்சனா கொதித்தாள்.

"அப்பா, இற்ஸ் யுவர் பைக்! நோ எண்டு சொல்லுங்கோ. ஜஸ்ட் நோ!"

"உனக்கு விளங்காது பிள்ளை. நான் வந்திறங்கேக்கை எனக்கு ஜக்கெற் போட்டுவிட்டது அந்த மனுசன். தன்ரை பேஸ்மென்றிலை வைச்சுச் சோறு போட்டது."

"சோ? அதுக்கு இப்ப அவரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போறியளோ?"

"ஓம்," என்றார் இவர். சிரிக்கவில்லை.

சஸ்பென்சன் வந்தது. அதைக் கராஜுக்குள் இறக்க நான்கு பேர் பிடித்தார்கள். பிடித்தவர்கள் அதன் உறுதியை வியந்தார்கள். சாய்மானத்துடன் பின் ஆசனம், கொடிக்கம்பத்தின் இரும்பு அடித்தளம், குத்துவிளக்குக்கு ஒரு தகரப் பெட்டி, எல்லாவற்றையும் என் கணவர் தன் கையாலேயே பூட்டினார். வேலையை இவர் எப்போதும் சுத்தமாகச் செய்பவர். ஒரு ஆணிகூட ஆடவில்லை.

இரத்தினவேலும் இவரும் வண்டியை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு முன்னதாகப் புறப்பட்டார்கள். தலைவர் விமானத்தில் வந்து சேர்வதாக ஏற்பாடு. மலை ஏறுவதற்கு முதல்நாள் தலைவர் தொலைபேசி எடுத்தார். விட்பியில் அவருடைய மைத்துனரின் மகளுக்குச் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா. பிரதம விருந்தினராக வரவேண்டியவருக்குத் தடிமன் பிடித்துவிட்டதாம், அந்த இடத்துக்குத் தலைவரைக் கேட்கிறார்களாம். ஒரு பொறுப்புள்ள மனிதர் இந்த நிலையில் என்ன செய்யமுடியும்?

"நான் இஞ்சையிருந்து போனிலை தலைமையுரை செய்யிறன். நீ விளக்கையும் கொடியையும் மேலை கொண்டுபோ தம்பி. சனம் பாத்துக்கொண்டிருக்கு."

இவர் அன்று மாலை என்னோடு பேசினார். "பின் சீற்றைக் கழட்டுவமோ எண்டு பாத்தன். சீற்றைக் கழட்டினாலும் சஸ்பென்சன் அதுதானே," என்றார். போகவேண்டாம் என்றேன். "இவ்வளவு தூரம் வந்திட்டன் கனகம். பனி என்ன வடிவாக் கிடக்குத் தெரியுமே!" என்றார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நெடுநாளாகியிருந்தது.

மறுநாள் அடிவாரத்து விடுதியில் இரத்தினவேல் கமராவோடு நின்றார். வழிகாட்டிப் பெண் தன் வண்டியில் முன்னே போனார். இவர் பின்னே போனார். ஒரு மேட்டைத் தாண்டியதும் அவர் திரும்பிப் பார்த்தார், இவரைக் காணவில்லை. வந்த வழியே இறங்கிவந்தார். வண்டி பின்பக்கமாகப் புதைந்திருந்தது. அதைச் சுற்றிப் பாதிக்கு மேல் பனி அள்ளப்பட்டிருந்தது, வழக்கம்போல் மிகச் சுத்தமாக. இவர் சவளைப் பிடித்தபடி வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குத்துவிளக்குக்குச் சேதமில்லை.

இந்த இடத்தில் சங்கத்தின் செயற்பாட்டைப் பாராட்டாமல் இருக்கமுடியாது. உடல் ரொறொன்ரோவுக்கு வந்துசேர முன்பே கண்ணீர் அஞ்சலிப் பிரசுரம் வந்துவிட்டது. தலைவரின் படம் மேலே, இவருடைய படம் நடுவில். "உண்மை கண்டறியும் உபகுழு" ஒன்றும் கூடியது. சஸ்பென்சனில் எந்தக் குறைபாடும் இல்லை, இது இயற்கை என்று அது கண்டறிந்தது. முடிவு ஏகமனதானது.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தைச் சங்கமே மண்டபம் எடுத்துச் செய்தது. தலைமையுரையில் தலைவர் அழுதார். உண்மையாகவே அழுதார், அதை நான் மறுக்கமாட்டேன். "தனிமனிதனாக எங்கள் எல்லாரையும் சுமந்துகொண்டு ஏறினவன்," என்றார். நன்றியுரை என்னுடையது என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்தார்கள்.

மேடைக்குப் போகுமுன் பேபி அக்கா என் கையைப் பிடித்தார். "கனகம், ஒருத்தரையும் விட்டிடாதை. பிறகு மனவருத்தப்படுவினம்."

"விடமாட்டன் அக்கா," என்றேன்.

எங்கள் கூட்டங்களில் நன்றியுரைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து நின்று சபையை நோக்கிக் கைகூப்ப வேண்டும். நன்றி சொல்கிறவர் "அமருங்கோ" என்றபின் அமரவேண்டும். நான் ஒலிவாங்கியைச் சரிசெய்தேன்.

"இரண்டு பேருக்கான சஸ்பென்சனைத் தெரிவுசெய்து தந்து, பின் ஆசனத்துக்கு வராமல் விட்ட தலைவர் தியாகலிங்கம் அவர்களுக்கு என்ரை நன்றி."

தலைவர் பழக்கத்தில் எழுந்தார். கைகூப்பினார். கூப்பிய பிறகுதான் சொன்னது காதில் விழுந்திருக்கவேண்டும்.

"இரும்புக் கம்பத்துக்காகச் செயலாளர் இரத்தினவேல் அவர்களுக்கு நன்றி. பித்தளை விளக்குக்காகப் பேபி அக்காவுக்கு நன்றி. டொக்டர் அள்ளவேண்டாம் எண்டு சொன்னதைக் கராஜுக்குள்ளை இருந்து கேட்டுக்கொண்டே கை தூக்கின நிர்வாகசபை உறுப்பினர்கள் ஒவ்வொருத்தருக்கும் நன்றி."

முன்வரிசை முழுவதும் எழுந்தது. பழகிய கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன.

"நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஏத்தின பாரத்தை என்ரை மனுசன் தனிய நிண்டு அள்ளினவர். வணக்கம்."

பின்னால் இருந்த சனம் முன்வரிசையைப் பார்த்தது. முன்வரிசை கைகூப்பியபடி என்னைப் பார்த்தது. எங்கள் சங்கத்தின் ஒழுங்கு மெச்சத்தக்கது. நான் மேடையிலிருந்து இறங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு, மகளோடு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தேன்.

அமருங்கோ என்று நான் சொல்லவில்லை.